பத்திரத்தில் பிறந்த வம்சங்கள்

திருவாண்டார்கோயில் கடைத்தெருவில் தபால்காரர் ஒரு கடித உறையின் மேலுள்ள பிரெஞ்சுக் குடும்பப் பெயரைத் தமிழ் நாவுக்கு இயன்ற அளவில் வளைத்து உரக்க வாசிக்கும்போது, அருகில் நிற்பவர்களின் உதட்டோரத்தில் ஒரு சிறு நகைப்புத் தோன்றி மறைவதுண்டு. அது துவேஷம் நிரம்பிய நகைப்பன்று. பெயருக்குரியவர் எதிரே வந்துவிட்டால் "வாங்க முசியே" என்று பெஞ்சியில் இடம் ஒதுக்கித் தருகிறவர்களே அப்படி நகைக்கிறவர்கள். அவருடைய பாட்டனார் சைகோனில் சேவகம் செய்தார் என்பதும், பென்ஷன் பிரான்ஸிலிருந்து வருகிறது என்பதும், அவர் வீட்டுத் திண்ணையில் வெயிலில் காயும் புளியும் மிளகாயும் மற்ற வீடுகளில் காய்வதைப் போலவே நெடியடிக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். நம்மைப்போல் உண்டு உடுத்து, மாரியம்மனுக்கோ மாதாவுக்கோ நேர்ந்துகொண்டு, விழுப்புரம் சாலையின் புழுதியை நம்மோடு சேர்ந்து விழுங்கும் ஒரு மனிதருக்கு இப்படி ஒரு பெயரா என்பதுதான் அந்த நகைப்பின் கேள்வி. வெகுகாலமாக என் மனத்தை உறுத்தி வருவது அந்த மனிதரின் பெயரன்று; அந்த நகைப்பே. நகைப்பதற்கு ஒரு பிரமாணம் வேண்டும். இன்னது இயல்பு, இன்னது வேஷம் என்று பிரித்தறியும் ஓர் அளவுகோல் கையில் இருந்தாலொழிய மனிதன் நகைப்பதில்லை. அந்த அளவுகோலை இவர்கள் எங்கிருந்து பெற்றார்கள் என்பதே என் விசாரம்.

பரம்பரையாக வந்த பெயர் உண்மையானது, ஒருநாள் பத்திரத்தில் எழுதி எடுத்துக்கொண்ட பெயர் பொய்யானது என்கிற நம்பிக்கைதான் அந்த அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியப் பிரபு வம்சங்களைப் பற்றி எழுதிய பலரும் இதையே வேதமாகக் கொண்டிருந்தார்கள். அவ்வம்சங்களுள்ளும் நார்மண்டிப் பிரபுக்களின் பெயர்களுக்கு ஒரு தனி மகிமை உண்டு. பிரான்ஸின் வடமேற்குக் கடலோரத்திலிருந்து 1066-இல் வில்லியம் என்னும் கோமகனோடு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தை வென்றவர்களின் சந்ததி என்று சொல்லிக்கொள்வதைவிட உயர்ந்த அந்தஸ்து அந்நாட்டில் பன்னெடுங்காலம் வேறில்லை. அப்பெயர்களில் ஒன்று நம் சென்னை நகரத்திலேயே நீண்டகாலம் வழங்கி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குகளைப் பார்த்துவந்த ஜார்ஜ் மௌப்ரே என்பவர் அடையாற்றங்கரையில் ஒரு தோட்ட மாளிகை கட்டினார். அம்மாளிகையில் இன்று மெட்ராஸ் கிளப் இருக்கிறது. அவர் பெயரால் அமைந்த மௌப்ரே சாலை பிறகு டி. டி. கிருஷ்ணமாச்சாரி சாலை ஆயிற்று. திருவள்ளூர், தட்டை என்று ஊரின் பெயரைத் தலைப்பெழுத்தாகத் தாங்கிய ஒரு தமிழர், ஊரின் பெயரையே வம்சப் பெயராகத் தாங்கிய ஓர் ஆங்கிலேயரைப் பெயர்ப்பலகையிலிருந்து இறக்கிவிட்டார் என்பதை அச்சாலையில் செல்வோர் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சாலையில் பெயர் இருந்த காலத்தில் மௌப்ரே என்று சொல்லி யாரும் நகைத்ததாகவும் நான் கேட்டதில்லை. கணக்கர் மௌப்ரேக்கும் பழைய பிரபு வம்சத்துக்கும் என்ன உறவு என்று நம்மவர்கள் விசாரித்ததுமில்லை. வெள்ளைக்காரர் பெயர், ஆகவே இரத்தத்தில் வந்த பெயர், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வம்சப் பெயரின் சரித்திரத்தைச் சற்றே தொட்டுப் பார்த்தால் இரத்தம் எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருக்கிறது. நார்மண்டியில் மோன்ப்ரே என்று ஒரு சிற்றூர். அவ்வூரிலிருந்து புறப்பட்ட ஜெஃப்ரி என்னும் பிஷப் வில்லியத்தோடு சென்று, செபத்தினாலும் போரினாலும், இங்கிலாந்தில் ஏராளமான நிலங்களுக்கு அதிபதியானார். அவருடைய சகோதரர் மகன் இராபர்ட், நார்தம்பர்லாந்துப் பிரபுவாக இருந்தவன், 1095-இல் மன்னனுக்கு எதிராகக் கலகம் செய்து பிடிபட்டுச் சிறையில் கிடந்தான். நிலம் பறிபோயிற்று. சிறைக்குள் உயிரோடிருந்தவனின் மனைவி மட்டில்டா, போப்பின் அனுமதியோடு விவாகபந்தம் நீக்கப்பட்டு, அடுத்த மன்னனின் அன்புக்குரிய நைஜல் என்பவனுக்கு மணம் செய்விக்கப்பட்டாள். மோன்ப்ரே நிலங்களும் அவனைச் சேர்ந்தன. அந்த நைஜல் பின்னர் மட்டில்டாவையும் விலக்கிவிட்டு, குந்த்ரெத் என்னும் வேறொரு பெண்ணை மணந்துகொண்டான். அவளுக்குப் பிறந்த ரோஜர் என்னும் மகன், முதலாம் ஹென்றி மன்னனின் ஆணைப்படி, தன் தந்தையின் 'தொபின்யி' என்னும் பெயரை விட்டுவிட்டு மௌப்ரே என்ற பெயரைத் தரித்துக்கொண்டான் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். நைஜலின் தாய்வழியில் ஏதோ ஓர் உறவு காட்டப்படுவதுண்டு. ஆயினும் இங்கிலாந்தின் மகோன்னத வம்சங்களுள் ஒன்றின் மூலபுருஷன், சிறைப்பட்டவனுக்கு மகனல்லன். சிறைப்பட்டவனின் மனைவிக்கும் மகனல்லன். நிலத்தோடு பெயரையும் சேர்த்து அரசனின் உத்தரவால் பெற்றவன். பெயர் இரத்தத்தில் ஊறி வரவில்லை; நிலப் பட்டாவோடு இணைப்பாக வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் முந்நூற்றைம்பது ஆண்டுகள் செழித்தது. அதைத் தாங்கிய தாமஸ் என்னும் நார்ஃபோக் கோமகன் 1398-இல் நாடு கடத்தப்பட்டு அடுத்த ஆண்டு வெனிஸ் நகரில் மாண்டான். ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றைப் படித்தவர்கள் அவனை அறிவார்கள். வம்சத்தின் மூத்த கிளையில் கடைசியாக மிஞ்சியது ஆன் என்கிற ஒரு சிறுமி. ஐந்து வயதில் அவளை அரசகுமாரன் ஒருவனுக்கு மணம் முடித்தார்கள். அவனுக்கு வயது நான்கு. 1481-இல், ஒன்பது வயது நிரம்புமுன், அவள் இறந்தாள். அவளுடைய சொத்துக்கள் அவள் இரத்த உறவினருக்குப் போகாதபடி பாராளுமன்றச் சட்டத்தால் வேலி போட்டார்கள். சிறுவனாகிய கணவன் இரண்டாண்டுகளுக்குப் பின் லண்டன் கோட்டையில் தமையனோடு காணாமற்போன கதை உலகப் பிரசித்தம். 1964-இல் லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் நிலத்தைத் தோண்டிய தொழிலாளிகள் ஓர் ஈயப் பெட்டியைக் கண்டெடுத்தார்கள். உள்ளே அந்தச் சிறுமியின் எலும்புகள் இருந்தன. மறு ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவளை மறுபடியும் அடக்கம் செய்தார்கள். ஒரு பெயரை நிலைநிறுத்துவதற்காக எத்தனை பெண்களை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று மட்டில்டாவையும் இந்தச் சிறுமியையும் சேர்த்து நினைக்கும்போது, வம்ச மகிமை என்னும் சொல்லின் மேல் எனக்கிருந்த மரியாதையில் பெரும்பகுதி கழன்று போகிறது.

இன்னொன்றும் உண்டு. நார்மண்டிக்கு அப்பெயரைக் கொடுத்த வடபுலத்துக் கடலோடிகள், 911-ஐ ஒட்டிப் பிரெஞ்சு மன்னனிடம் அந்நிலத்தைப் பெற்றுக் குடியேறியபோது, வம்சப் பெயர் என்று ஒன்றைக் கொண்டுவரவில்லை. இன்னான் மகன் இன்னான் என்பதே அவர்கள் வழக்கம். அடுத்த தலைமுறையில் மகன் தந்தையாவான், பாட்டன் பெயர் உதிர்ந்துபோகும். நாம் தலைப்பெழுத்துப் போட்டுக்கொள்வதும் வேறு வகையன்று. நிலம் கைக்கு வந்து, அதில் கோட்டை எழும்பி, அந்த நிலத்தைக் கூறுபோடாமல் தலைமகனுக்கே முழுவதும் கொடுக்கும் வழக்கம் வேரூன்றிய பிறகுதான் ஊர்ப்பெயர் ஆட்பெயரோடு ஒட்டிக்கொண்டு வம்சப் பெயராகக் கெட்டிப்பட்டது. ஸ்காட்லாந்தின் அரியணை ஏறிய புரூஸ் வம்சத்தின் பெயரும் பிரீ என்னும் நார்மண்டிச் சிற்றூரின் பெயரே. மான்ட்கோமரி என்பதும் அப்படியே.

நம் பக்கத்திலும் அந்தச் சம்பிரதாயம் இல்லாமற்போகவில்லை. திருவாண்டார்கோயில் சிவன் கோயிலின் கருங்கற் சுவரில், மாலை வெயில் சாய்வாக விழுந்து எழுத்துக்களின் பள்ளங்களில் நிழல் தங்கும் வேளையில், விரலால் தடவிக்கொண்டே நடப்பது எனக்குப் பழக்கம். நாள்முழுதும் சூடேறிய கல் விரலுக்கு இதமாக இருக்கும், வௌவால் நெடி மண்டபத்துக்குள்ளிருந்து வந்து போகும். தேவாரத்தில் சம்பந்தர் பாடிய வடுகூர் இதுதான். ஊருக்கு அந்தப் பழம்பெயர் போய், கோயிலே ஊருக்குப் பெயராகிவிட்டது. சோழர் காலத்துச் சாசனங்களில் தானம் செய்தவர்களும் சாட்சிக் கையெழுத்திட்டவர்களும் இன்ன ஊர் உடையான், இன்ன ஊர்க் கிழான் என்று நிலத்தை முன்வைத்தே தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். முதற் குலோத்துங்கனிடம் பேரதிகாரியாயிருந்து தில்லையில் பல திருப்பணிகள் செய்த நரலோகவீரனை எடுத்துக்கொள்ளுங்கள்: அவன் மணவிற் கூத்தன்; அரும்பாக்கிழான்; காலிங்கராயன். ஊர் கொடுத்த பெயர், தாய் தந்தையர் வைத்த பெயர், அரசு கொடுத்த பெயர் யாவும் அவன் ஒருவன்மேல் குவிந்திருக்கின்றன. மூவேந்தவேளான் என்னும் பட்டமும் அரசன் மனமுவந்து அதிகாரிகளுக்குச் சூட்டியதே. முன்னால் அரசனின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். மோன்ப்ரேயின் ரோஜருக்கு எது நேர்ந்ததோ அதுவே இவர்களுக்கும் நேர்ந்தது. ஆயினும் அரும்பாக்கிழான்கள் என்று ஒரு வம்சம் இன்று நம்மிடையே உலவவில்லை. காரணம் என்ன? காணியைப் பிள்ளைகள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது நம் வழக்கம். பங்கு போடப் போட நிலம் கையகலமாகிறது, அந்த நிலத்தின் பெயரைத் தாங்குவதில் உள்ள பெருமையும் சிறுக்கிறது என்பது என் ஊகம். கூறுபடாத சொத்து கூறுபடாத பெயரைத் தருகிறது. இதை ஓர் ஆராய்ச்சி முடிவென்று யாரும் கொள்ளவேண்டாம். கோயில் சுவரோரம் நடக்கிறவனுக்குத் தோன்றியது, அவ்வளவே.

இனிப் புதுவைக்கு வருவோம். 1819-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி உத்தரவின்படி பிரெஞ்சிந்தியாவிலுள்ள இந்தியர்கள் அவரவர் ஜாதியின் ஆசாரத்துக்கும் வழக்கத்துக்கும் இணங்கவே நியாயம் பெறுவார்கள் என்று ஏற்பட்டிருந்தது. கேட்பதற்கு நயமான ஏற்பாடு. ஆனால் ஆசாரமே ஒருவனைத் தெருவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தால் அவன் எங்கே போய் நியாயம் கேட்பது? பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் அப்படித் தெருவுக்கு வெளியே நின்றவரல்லர். படிப்பும் செல்வாக்கும் உள்ளவர். 1873-இல் அவர் ஐரோப்பியக் காலணி அணிந்துகொண்டு புதுவை நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். நீதிபதி அபராதம் விதித்தார். இந்தியன் என்றால் காலணியை வாசலில் கழற்றவேண்டும். வழக்கு பாரிஸின் உச்ச முறையீட்டு மன்றம் வரை போயிற்று. அங்கே தீர்ப்பு அவர் பக்கம் ஆயிற்று. ஒரு ஜோடித் தோற்செருப்புக்காகக் கடல் கடந்து வழக்காடிய பிடிவாதத்தைக் கேலி செய்வது சுலபம். ஆனால் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலத்தெருவைக் கடக்கவேண்டியிருந்த மனிதர்கள் வில்லியனூர், பாகூர்க் கிராமங்களில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை நினைத்தால் கேலி நாவில் எழாது. பிறகு 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை வந்தது. எந்த ஜாதியை, எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், வயது வந்த இந்தியர் தம் ஜாதியாசார அந்தஸ்தைத் துறந்து பிரெஞ்சுக்காரருக்குரிய சிவில் சட்டத்தின்கீழ் வரலாம். துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. துறப்பவர் தமக்கும் தம் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரை அப்போதே சொல்லிப் பதிவு செய்துகொள்ளவேண்டும். முன்னணியில் நின்று துறந்த பொன்னுத்தம்பி, பிள்ளைப் பட்டத்தை உதறிவிட்டு லாபோர்த் ஆனார். இப்படித் துறந்தவர்களைத்தான் புதுவையில் ரெனோன்சான் என்கிறோம்.

சரித்திரத்தின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று என்று தாண்டிப் போய்விடலாம். எனக்குத் தாண்ட முடியவில்லை. துறவு என்றால் நமக்குக் காவி, திருவோடு, ஊர் பேர் அழிந்த நிலை. இங்கோ துறந்தவன் கைக்கு முதன்முதலாக ஒரு பேர் வருகிறது. சிவில் அதிகாரியின் மேசைக்கு முன்னோ, நொத்தேர் என்னும் பத்திரப் பதிவாளர் வீட்டு மரநாற்காலிகளுக்கு எதிரிலோ நின்ற அந்த மனிதனை நான் கற்பனை செய்து பார்க்கிறேன். தைலமும் மையும் மக்கிய காகிதமும் கலந்த வாசனை. இறகுப் பேனாவின் கீறல். "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்கிறார்கள். அப்பன் பெயரைச் சொன்னால் அதே வம்சப் பெயராகிவிடும். ஞானஸ்நானப் பெயரைச் சொன்னாலும் ஆகும். தெரிந்த துரையின் பெயரையோ, காதில் இனிமையாக விழுந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லையோ சொன்னாலும் ஆகும். சொல்வது தனக்காக மட்டுமன்று, இன்னும் பிறவாத பேரன் கொள்ளுப்பேரனுக்காகவும். நார்மண்டிப் பிரபுவுக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது; அவன் எந்த நிலத்தில் நின்றானோ அதுவே பெயர். இவர்களில் பலருக்கு நிற்பதற்கு நிலமே கிடையாது. துறந்தவர்களில் கிறிஸ்தவர்கள் மிகுதி; ஜாதி அடுக்கின் அடியில் இருத்தப்பட்டவர்களும் மிகுதி. நிலம் இருந்தவன் நிலத்தின் பெயரை எடுத்தான்; நிலம் இல்லாதவன் சட்டத்தையே நிலமாகக் கொண்டு அதில் தன் பெயரை ஊன்றினான். இரண்டில் எது துணிவு மிக்கது என்று என்னைக் கேட்டால், கோட்டைக்குள் நின்று பெயர் சூடியவனைக் காட்டிலும் மேசைக்கு முன் நின்று பெயர் சூடியவனையே சொல்வேன்.

இதைச் சொன்ன மாத்திரத்தில் சந்தேகங்கள் எழுகின்றன. அவற்றை மறைப்பது நேர்மையன்று. அந்தக் காலத்துப் புதுவை அரசியல் சுத்த கங்கையன்று. 1880-களின் தொடக்கத்துத் தேர்தல்களில் ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல். துறந்தவர்கள் ஐரோப்பியப் பட்டியலில் சேர்ந்தால் ஒரு வாக்குக்கு மதிப்பு கூடும். ஆகவே துறவு ஆத்ம கௌரவத்தின் விளைவா, வாக்குச் சீட்டின் விளைவா என்று அன்றே கேட்டார்கள். மறுபுறத்தில் நாடு சண்முக வேலாயுத முதலியார் என்னும் பெருஞ்செல்வாக்குள்ளவர் ஜாதியாசாரத்தைக் காக்கும் கட்சிக்குத் தலைவராக நின்று, துறந்தவர்களை எதிர்த்தார். 1884-இல் துறந்தவர்களுக்கென்று மூன்றாவது பட்டியல் ஒன்றைத் தனியாக ஏற்படுத்தி, அவர்களை ஐரோப்பியரோடும் சேராமல் இந்தியரோடும் சேராமல் நடுவில் நிறுத்தினார்கள். சமத்துவத்தை நம்பித் தன் பழைய அந்தஸ்தைத் துறந்தவனுக்குக் கிடைத்த முதல் பரிசு, தனியாக ஒரு வேலி. இன்னொரு சந்தேகம் பெண்களைப் பற்றியது. கணவன் துறந்தால் மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் துறந்தவர்களே. அடுப்படியில் இருந்தவளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள், மாலையில் வீடு திரும்பியவன் சொல்லித்தான் தன் புதுப்பெயரை அவள் அறிந்திருப்பாள். ஆனால் அதே சட்டம், மகளுக்கும் மகனுக்கும் சொத்தில் சமபங்கு என்றது. ஒருத்தி இருக்கும்போது மற்றொருத்தியை மணக்கக்கூடாது என்றது. பிரிட்டிஷ் எல்லைக்குள், ஒரு வாய்க்கால் வரப்புக்கு அப்பால் இருந்த ஹிந்துப் பெண்ணுக்கு இவை முழுமையாகக் கிடைக்க 1950-கள் வரையும் அதற்குப் பின்னும் காத்திருக்கவேண்டியிருந்தது. கேளாமல் கொடுக்கப்பட்ட பெயரோடு கேளாமல் வந்த இந்த உரிமையையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். தராசின் முள் எனக்கு இன்னும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கவில்லை.

அந்நியனின் பெயரைத் தரித்துக்கொள்வது அடிமைத்தனம் அல்லவா என்று கேட்பவர்களுக்குக் கடலின் அக்கரையிலிருந்து ஓர் எதிர்ச்சித்திரம் உண்டு. புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி மர்த்தினீக், குவாதலூப், ரெயூனியோன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் பிரெஞ்சுப் பெயர் எதையும் விரும்பி எடுக்கவில்லை. கப்பல் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். அந்த ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராக உறைந்தது. சிதம்பரம் என்னும் பெயர் சிதம்பரோம் ஆயிற்று; முத்துசாமி முத்துசாமியாகவே இருந்து ஒரு வம்சத்தின் பெயரானான்; வீரப்பிள்ளை விரப்புல்லே ஆனார். குவாதலூப்பில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரோம், அங்கே பிறந்த இந்தியரின் பிள்ளைகளுக்கு வாக்குரிமையும் பிரஜா உரிமையும் வேண்டி 1904-இல் தொடுத்த வழக்கு முடிவதற்கு 1923 ஆயிற்று. பாருங்கள்: தமிழ்ப் பெயரை அப்படியே தாங்கியவர் பிரெஞ்சுப் பிரஜையாகப் பத்தொன்பது ஆண்டு போராடுகிறார், தமிழ் மண்ணிலேயே இருந்துகொண்டு பிரெஞ்சுப் பெயரைத் தாங்கியவரைப் பிரெஞ்சுக்காரன் மூன்றாம் பட்டியலில் நிறுத்துகிறான். பெயர் ஒன்றும் தானாகக் கதவு திறப்பதில்லை.

புதுவையின் தெருப் பலகைகளில் உள்ள பெரும் பெயர்களும் அப்படியொன்றும் பளிங்குக் கற்களல்ல. லாலி தொலாந்தால் என்று கம்பீரமாக ஒலிக்கும் பெயர் அயர்லாந்து நாட்டுக் குடும்பம் ஒன்றின் பெயர், பிரெஞ்சு உடை உடுத்தது. அப்பெயரைத் தாங்கிய பிரெஞ்சுத் தளபதி புதுவையை ஆங்கிலேயரிடம் இழந்ததற்காக 1766-இல் பாரிஸில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருக்கு ஒரு மகன் இருந்தான்; திரோஃபீம் என்னும் பெயரில், தகப்பன் யாரென்று அறியாமலே பள்ளியில் வளர்ந்தவன்; தந்தையின் தலை விழுந்த நாளில்தான் தன் பெயர் இன்னதென்று அவனுக்குத் தெரியவந்தது. தெரிந்தபின், வால்டேரின் துணையோடு, அந்தப் பெயரின் களங்கத்தைத் துடைப்பதையே விரதமாகக் கொண்டு 1778-இல் தண்டனைத் தீர்ப்பை ரத்துசெய்ய வைத்தான். கறை படிந்த நாளில் ஒரு பெயரை விரும்பி எடுத்துக்கொண்டவனை நாம் உத்தம புத்திரன் என்கிறோம்.

நம்மவர்களின் பட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். பொன்னுத்தம்பி உதறிய பிள்ளைப் பட்டத்தை வேறு பலர் உதறவில்லை. பிரெஞ்சுப் பதிவேட்டில் பிள்ளையும் முதலியாரும் நாயக்கரும் பெயரின் பிரிக்க முடியாத வாலாக ஏறி உட்கார்ந்தன. அவற்றைக் கேட்டு யாரும் நகைப்பதில்லை. அவை இயல்பானவை, இரத்தத்தில் வந்தவை. செங்கற்பட்டில் 1929-இல் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தபோதுதான், அவை கழற்றி வைக்கக்கூடிய பொருள்கள் என்பதே பலருக்குப் புலப்பட்டது. அதற்கு ஏறக்குறைய ஐம்பதாண்டுகளுக்கு முன் புதுவைக் கிராமத்தவர் சிலர் அதைக் காகிதத்தில் செய்து முடித்திருந்தார்கள். மேடையும் தீர்மானமும் இல்லாமல், அந்நிய அரசாங்கத்தின் துணையோடு, கலப்படமான நோக்கங்களோடு செய்தார்கள் என்பது உண்மை. நோக்கம் கலப்படமில்லாத சீர்திருத்தம் எதையாவது யாரேனும் எனக்குக் காட்டினால் மகிழ்வேன்.

பிறகு காலம் மாறிற்று. 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி, இங்கிருந்து அதிக தூரமில்லாத கீழூரில், 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். மறுபடியும் ஒரு மேசை, ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆனார்கள். அண்ணன் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்று ஊர் அழைத்தது. பென்ஷன் வந்த வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் நடுவில் ஒரு பொறாமைச் சுவர் எழும்பியது. கடைத்தெருவின் அந்த நகைப்பில் இந்தச் சுவரின் சுண்ணாம்பும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

மௌப்ரே வம்சத்தில் நடந்த சிறைவாசம், விவாக நீக்கம், சிறுமியின் கலியாணம் ஆகிய அத்தனையையும் மடத்துக் குமாஸ்தாக்களும் அரசவைக் குமாஸ்தாக்களும் எழுதி வைத்தார்கள். அதனால்தான் அது வம்சம். நம் ரெனோன்சான்களைப் பற்றிப் பதிவேட்டில் இருப்பது பழைய பெயரும் புதிய பெயரும் தேதியும்; ஏன் அந்தப் பெயர் என்பதற்கு அதில் இடமில்லை. நாலு தலைமுறைக்குள் காரணம் காற்றில் போய்விட்டது. காரணம் மறைந்த இடத்தில் நகைப்பு வந்து குடியேறியது. 1955-ஆம் ஆண்டின் ஹிந்து விவாகச் சட்டம் பின்னர் புதுவைக்கு விரிவாக்கப்பட்டபோது, அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அச்சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆகவே 1881-இல் போட்ட கையெழுத்து வெறும் பழங்கதையன்று. வில்லியனூரிலும் பாகூரிலும் மண்ணாடிப்பட்டிலும் இத்தகைய பெயரைத் தாங்கிய குடும்பத்தார் யாரேனும் இதைப் படித்தால், அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. டிரங்குப் பெட்டியின் அடியிலுள்ள பழைய பத்திரங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் மூத்த அம்மாள் யாரேனும் இருந்தால், இந்தப் பெயரை முதலில் எடுத்தவர் யார், எந்தத் தெருவில் இருந்தார், என்ன வேலை செய்தார், ஏன் இதை எடுத்தார் என்று கேட்டு, அவர் சொல்வதைத் தேதியிட்டுத் தமிழிலேயே எழுதி வையுங்கள்.